வாஞ்சிநாதன்

வாஞ்சிநாதன் (1886 - ஜூன் 17, 1911) இந்திய விடுதலைப் போராட்டக் காலப் புரட்சியாளர்களுள் ஒருவர். திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பு வகித்த ராபர்ட் வில்லியம் ஆஷ் என்பவரை மணியாச்சி தொடர்வண்டி நிலையத்தில் சுட்டுக் கொன்று, தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார்.

பிறப்பும் பணியும்

வாஞ்சிநாதன் அப்போது திருவிதாங்கூர் சமத்தானத்தில் இருந்த செங்கோட்டையில் ரகுபதி ஐயர், ருக்மணி அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். செங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் கல்வி பயின்றார். பொன்னம்மாளை மணந்து, புனலூரில் வனத்துறையில் பணியாற்றினார்.

புரட்சி இயக்கத்தில்

1908 இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை கைதானதை அடுத்துத் திருநெல்வேலியில் எழுச்சி ஏற்பட்டது. அதனை ஒடுக்கியதிலும், சுதேசி நாவாய்ச் சங்கத்தை நலிவுறச் செய்ததிலும் ஆஷுக்குப் பங்குண்டு என்று புரட்சியாளர்கள் கருதினர். நீலகண்ட பிரம்மச்சாரி தொடங்கிய பாரத மாதா சங்கத்தில் சேர்ந்த வாஞ்சிநாதன், 1911 தொடக்கத்தில் புதுச்சேரி சென்று வ. வே. சு. ஐயரிடம் துப்பாக்கி சுடப் பயிற்சி பெற்றார். உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்த 1878 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியைக் கட்டுப்படுத்தவில்லை.

ஆஷ் கொலை

ஜூன் 17, 1911 அன்று ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானல் செல்லும் வழியில் மணியாச்சியில் வண்டியில் அமர்ந்திருந்தார். வாஞ்சிநாதன் பெட்டியில் ஏறி அவரைச் சுட்டார். பின்னர் நடைமேடைக் கழிவறைக்குள் சென்று தம் வாயில் சுட்டுக்கொண்டார்.

அவர் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியாவில் கால் வைத்தவுடன் அவரைக் கொல்ல 3000 பேர் உறுதி பூண்டுள்ளதாக அதில் எழுதப்பட்டிருந்தது. நாட்டு விடுதலை உணர்வும் சனாதன தருமப் பற்றும் அதில் கலந்திருப்பதால், வாஞ்சிநாதனின் நோக்கம் குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

துப்பாக்கி

வாஞ்சிநாதன் பயன்படுத்தியது பெல்சியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. பிரௌனிங் என்பது அதனை வடிவமைத்த அமெரிக்கரின் பெயர். செய்தது எர்சுதால் நகரத் தொழிற்சாலை. எனவே இவ்வகைத் துப்பாக்கியைப் பெயரைக் கொண்டு மட்டும் அடையாளம் காண இயலாது. மேற்பகுதியில் பொறித்த தொழிற்சாலைப் பெயர், லியேச் சோதனைச் சாலையின் முத்திரைகள், வரிசை எண் ஆகியவற்றையும் காண வேண்டும். வரிசை எண்ணைத் தொழிற்சாலைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டால் முதல் விற்பனையை அறியலாம். பின்னர் அது கைமாறிய வழியை எந்த முத்திரையும் காட்டாது.

இத்தகைய துப்பாக்கிகள் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டமையால், சேகரிப்போரிடையே சாதாரண ஒன்றுக்குப் பெருமதிப்பு இல்லை. ஆவணங்களால் உறுதி செய்யப்பட்ட வரலாறே மதிப்பை உயர்த்துகிறது. 1909 இல் நாசிக் ஆட்சியர் ஜாக்சனும், 1914 இல் சாராயேவோவில் ஆசுத்திரிய இளவரசரும் பிரௌனிங் துப்பாக்கிகளாலேயே கொல்லப்பட்டனர்.

வழக்கு

ஆஷ் கொலை வழக்கில் 14 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு ஆண்டுகளும், வாஞ்சிநாதனின் மைத்துனர் சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு ஆண்டுகளும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

நினைவுச் சின்னங்கள்

மணியாச்சி நிலையம் வாஞ்சி மணியாச்சி எனப் பெயர் மாற்றப்பட்டது. செங்கோட்டையில் வாஞ்சிநாதனுக்கு மணிமண்டபம் உள்ளது. ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையிலும், நினைவு மண்டபம் தூத்துக்குடியிலும் உள்ளன.