ஜேன் ஆஸ்டின்: வசதிக்காக மணக்க மறுத்தவர், பகையைக் காதலாக்கிய கதையை எழுதியவர்

கோலார் தங்கவயல்: மைசூர் எல்லையை அளக்க வந்த ஆங்கிலப் படை அதிகாரி லெப்டினன்ட் ஜான் வாரன், மாரிக்குப்பம் சுற்றுவட்டாரத்தில் ஊர்மக்கள் மண்ணை அலசிப் பொன் துகள் பிரிப்பதைக் கண்டறிந்த ஆண்டு 1802. அதே ஆண்டு டிசம்பரில், கையில் பொன்னோ பொருளோ இல்லாத 26 வயதுப் பெண் ஒருவர், பெருஞ்சொத்துக்கு வாரிசான இளைஞரை மணக்க முடியாது என்று இங்கிலாந்தில் மறுத்துவிட்டார். அவர்தான் எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின்.

பகையில் தொடங்கிக் காதலில் நிறைவுறும் கதைகளுக்கு இன்றளவும் முன்மாதிரியாக விளங்கும் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைப் படைத்தவர் அவர்.

கடலூருக்கு வந்த அத்தை

ஜேன், 1775 டிசம்பர் 16 அன்று ஸ்டீவன்டன் என்ற சிற்றூரில் பாதிரியார் ஜார்ஜ் ஆஸ்டினின் ஏழாவது குழந்தையாகப் பிறந்தார். வசதியற்ற பெண்ணுக்குத் திருமணமே பிழைப்பு வழி என்பதை அவரது குடும்பமே அறிந்திருந்தது. இந்தியாவில் பொருள் ஈட்டிய கம்பெனி அதிகாரிகளை மணப்பதற்காக ஆங்கிலப் பெண்கள் கப்பலேறிய காலம் அது. ஜேனின் அத்தை பிலடெல்பியாவும் 1752-இல் சென்னைக்கு வந்து, மறு ஆண்டே கடலூரில் கம்பெனி மருத்துவர் ஹான்காக்கை மணந்தார். இவ்வாறு மணமுடிக்க இந்தியாவுக்கு அனுப்பப்படும் பெண்ணின் துயரத்தை, 'கேத்தரின்' என்ற கதையில் 16 வயதிலேயே ஜேன் எழுதினார்.

ஓர் இரவில் மாறிய முடிவு

ஜேனை மணக்க விரும்பியவர் மேனிடவுன் பண்ணையின் வாரிசான ஹாரிஸ் பிக்-விதர். ஜேனைவிட ஐந்து வயது இளையவர். மாலையில் சம்மதம் தெரிவித்த ஜேன், மறுநாள் காலையில் அதைத் திரும்பப் பெற்றார். சம்மதித்திருந்தால் பெற்றோருக்கும் அக்கா கசாண்ட்ராவுக்கும் வாழ்நாள் பாதுகாப்பு கிடைத்திருக்கும். மறுப்பின் விலையை அவர் விரைவிலேயே உணர்ந்தார். 1805-இல் தந்தை காலமானதும், தாயும் இரு மகள்களும் சகோதரர்களின் உதவியை நம்பி வீடு மாறி வீடு வாழ நேர்ந்தது. 1809-இல் சகோதரர் எட்வர்டு சாட்டன் கிராமத்தில் வீடு அளித்த பின்னரே அவர்களுக்கு நிலையான இடம் அமைந்தது.

பகை காதலான கதை

மன்னர் மூன்றாம் ஜார்ஜ் நோயுற்றதால் அவருடைய மகன் 1811 முதல் 1820 வரை ஆட்சியை நடத்தினார். ரீஜென்சி எனப்படும் அக்காலத்தில்தான் ஜேனின் நாவல்கள் அச்சேறின. 1797-இல் பதிப்பாளர் ஒருவர் படித்துப் பார்க்காமலேயே ஏற்க மறுத்த கதை, திருத்தி எழுதப்பட்டு 1813 ஜனவரியில் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' ஆக வெளியானது.

நடன விருந்தில் எலிசபெத் பென்னட்டைத் துச்சமாகப் பேசுகிறார் செல்வந்தர் டார்சி. அன்று மூளும் வெறுப்பு இருவரையும் நெடுநாள் பிரித்து வைக்கிறது. பின்னர் டார்சி காதலைத் தெரிவிக்கும்போதும் அவளது குடும்பத்தைத் தாழ்த்தியே பேசுகிறார். தந்தைக்குப் பின் வீடு ஆண் உறவினருக்குச் சென்றுவிடும் நிலையிலும் எலிசபெத் அவரை மறுக்கிறாள். அந்த மறுப்பே டார்சியின் செருக்கைக் கரைக்கிறது. தன் அவசரத் தீர்ப்பின் பிழையை எலிசபெத்தும் உணர்கிறாள். காதலர்கள் முத்தமிடும் காட்சி ஒன்றுகூட நாவலில் இல்லை. மதிப்பில்லாத இடத்தில் செல்வம் இருந்தும் பயனில்லை என்பதே அதன் மையம். அதேவேளை, பிழைப்புக்காக மணமுடிக்கும் தோழி சார்லட்டின் நிலையையும் ஜேன் பரிவுடன் காட்டியுள்ளார்.

பெயரில்லாத புகழ்

இந்நாவலின் உரிமையை ஜேன் 110 பவுண்டுக்கு மொத்தமாக விற்றுவிட்டதால், அடுத்தடுத்த பதிப்புகளின் லாபம் பதிப்பாளருக்கே சென்றது. அவர் வாழ்ந்தவரை எந்த நூலிலும் அவரது பெயர் அச்சிடப்படவில்லை. 1817 ஜூலை 18 அன்று 41-ஆம் வயதில் வின்செஸ்டரில் காலமானார். அங்குள்ள பேராலயத்தில் அவரது கல்லறைக் கல் நாவல்களைப் பற்றி எதுவும் கூறவில்லை. அவரே ஆசிரியர் என்பதைச் சகோதரர் ஹென்றி அதே ஆண்டின் இறுதியில் உலகுக்கு அறிவித்தார். கடற்படை அதிகாரியான மற்றொரு சகோதரர் சார்லஸின் கல்லறை இலங்கையின் திருகோணமலையில் உள்ளது.

ஜேனின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலைத் தழுவி, ராஜீவ் மேனன் இயக்கத்தில் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' திரைப்படம் 2000-இல் தமிழில் வெளிவந்தது.

1803-இல் ஜேன் முதன்முதலாக விற்ற கையெழுத்துப் பிரதிக்குக் கிடைத்த தொகை 10 பவுண்டு. அவர் மறைந்து 200 ஆண்டுகளுக்குப் பின், 2017-இல் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட 10 பவுண்டு நோட்டில் அவரது உருவப்படம் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது.