மகனைப் பிறர் வீட்டில் வளர்த்த மாண்டிசோரி அம்மையார்

பிள்ளை பெற்று மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து மறுபடி வேலைக்குக் கிளம்பும் பெண்ணைக் கேட்டால், ரயில் நெரிசலை விடப் பெரிய கவலை ஒன்றைச் சொல்வாள். குழந்தையை யாரிடம் விடுவது? ஊரிலிருந்து தாயாரையோ மாமியாரையோ வரவழைப்பவர்கள் உண்டு. அடுத்த அறைக்கார அம்மாளிடம் மாதக் கூலி பேசி விடுபவர்கள் உண்டு. ஒன்றும் தகையாவிட்டால் கைக்குழந்தையை ஊரிலேயே பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வருபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது குழந்தை தாயிடம் வர மறுத்துப் பாட்டியின் புடவைத் தலைப்பில் ஒளிந்துகொள்ளும்.

உலகம் முழுவதும் பாலர் பள்ளிகளின் பலகையில் பெயர் காணும் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையாருக்கும் இதே கதிதான் நேர்ந்தது. பாட்டி வீடு கூட இல்லை. கூலிக்குப் பாலூட்டும் செவிலியின் வீடு.

இத்தாலியில் அங்கோனாவுக்குப் பக்கத்திலுள்ள கியரவாலே என்ற சிற்றூரில் 1870 ஆகஸ்டு 31-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகஸ்தர், கண்டிப்பானவர். தாயார் ரெனில்டே படிப்பில் பற்றுள்ளவர். மகள் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றபோது தந்தை ஒப்பவில்லை; தாயார் பக்கம் நின்றார். ரோம் சர்வகலாசாலையில் ஆண் மாணவர்களுடன் சேர்ந்து பிணம் அறுக்கக் கூடாது என்று ஒதுக்கியதால், மற்றவர்கள் போன பிறகு தனியாக அந்த அறையில் நின்று படித்தார். 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பெர்லினில் கூடிய பெண்கள் மாநாட்டுக்குச் சென்று, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வேண்டும் என்று பேசினார். வயது 26.

ரோம் நகரின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணி கிடைத்தது. மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பித்தர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்த காலம் அது. அங்கே உடன் பணிபுரிந்த டாக்டர் ஜியுசெப்பே மான்டெசானோவுடன் நேசம் ஏற்பட்டது. 1898 மார்ச்சு 31-ல் மரியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மாரியோ என்று பெயர்.

கல்யாணம் ஆகவில்லை. கல்யாணம் செய்துகொண்டால் பெண் வேலையை விட்டு வீட்டோடு இருக்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். கல்யாணமில்லாமல் பிள்ளை பெற்றது வெளியே தெரிந்தாலோ வேலையும் போகும், மானமும் போகும். குடும்பத்தார் கலந்து பேசிக் குழந்தையை ரோமுக்கு வெளியே கிராமத்தில் ஒரு செவிலியிடம் ஒப்படைத்தார்கள். இருவரும் வேறு யாரையும் மணப்பதில்லை என்று தமக்குள் பேசிக்கொண்டதாகச் சொல்வார்கள். அந்த வாக்கு நிற்கவில்லை; 1901-ல் மான்டெசானோ வேறொரு பெண்ணை மணந்தார். அவர் ஊரில் தலை நிமிர்ந்தே நடந்தார். ஒளிந்து வாழ வேண்டி வந்தது தாய் மட்டும்.

பிள்ளை பெற்ற ஆறாம் மாதம், செப்டம்பரில், டூரின் நகரில் கூடிய ஆசிரியர் மாநாட்டில் அவர் பேசினார். வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பள்ளியில் வைத்துப் பழக்கினால் தேறுவார்கள் என்பது பேச்சின் பொருள். கேட்டவர்கள் பாராட்டினார்கள். மேடையில் நின்றவர் பச்சை உடம்புக்காரி என்பதோ, அவருடைய குழந்தை வேறொருத்தியின் மடியில் கிடக்கிறது என்பதோ கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. கிராமத்துக்கு அவ்வப்போது போய் வருவார். வருகிற மாது யார் என்று பிள்ளைக்குச் சொல்லப்படவில்லை.

இனி ரோமிலுள்ள சான் லொரென்ஸோ பகுதிக்கு வருவோம். ரயில் நிலையத்தை ஒட்டிய பேட்டை. ரயில்வே கூலிகளும் கட்டட வேலைக்காரர்களும் நிறைந்த இடம். ரோம் தலைநகரான பின் வீட்டு வியாபாரம் சூடு பிடித்து, வரிசையாக உயர்ந்த கட்டடங்களை எழுப்பினார்கள். திடீரென்று பணமுடை வந்து பாதியில் நின்றது. கதவில்லாத, குழாயில்லாத அந்தக் கட்டடங்களில் ஓர் அறைக்கு இரண்டு மூன்று குடும்பம் என்று ஏழைகள் குடியேறினார்கள். ஒருவர் வாடகைக்கு எடுத்து இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடுவது சகஜம். பம்பாய்ச் சாலில் இருந்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

பிறகு ஒரு கட்டடக் கம்பெனி இவற்றை வாங்கிப் பழுது பார்த்து, ஒழுங்கான குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. புருஷன் பெண்சாதி இருவரும் விடியலில் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது ஆகாத பிள்ளைகள் நாள் முழுதும் மாடிப்படியில் கிடந்து, புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரில் கிறுக்கியும் கைப்பிடியை உடைத்தும் தீர்த்தன. கம்பெனியின் தலைவர் எடுவார்டோ தாலமோ கணக்குப் பார்த்தார். பழுது பார்க்க ஆகும் செலவில் பிள்ளைகளை மேய்க்க ஒரு ஆள் போட்டுவிடலாம்! டாக்டர் மாண்டிசோரியை அழைத்தார். சுவரைக் காப்பாற்ற வந்த யோசனைதான் இது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1907 ஜனவரி 6-ந் தேதி, மார்ஸி தெருவில் 58-ம் எண் கட்டடத்தின் ஓர் அறையில் குழந்தைகள் வீடு திறக்கப்பட்டது. மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை சுமார் 50 குழந்தைகள். அழுமூஞ்சிகள், ஊட்டமில்லாத உடம்பு. அவர்களைப் பார்த்துக்கொள்ளக் கிடைத்தவள் அந்தக் கட்டடக் காவற்காரரின் மகள். வாத்தியார் பயிற்சி பெற்றவளல்ல. அதுவே நல்லதாயிற்று, அடித்துப் பாடம் சொல்லும் பழக்கம் அவளிடம் இல்லை. வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக முன்பு செய்து வைத்திருந்த மரக்கட்டைகளையும் உருளைகளையும் அம்மையார் கொண்டுவந்து போட்டார்.

ஒரு நாள் மூக்கைச் சிந்துவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். கைக்குட்டையை எடுத்து, சத்தமில்லாமல், மற்றவர் பார்க்காத வண்ணம் துடைத்துக் காட்டினார். பிள்ளைகள் கை தட்டிவிட்டன. அவர் திகைத்துப் போனார். மூக்கொழுகி என்று திட்டு வாங்கியே பழகிய குழந்தைகளுக்கு, அதை எப்படித் துடைப்பது என்று மரியாதையாகக் கற்றுக்கொடுத்தவர் அதுவரை யாருமில்லை என்று பிற்பாடு எழுதினார். இன்னொரு நாள் மேற்பார்க்கும் பெண் தாமதமாக வந்தாள். முந்தின நாள் அலமாரியைப் பூட்ட மறந்திருந்தாள். பிள்ளைகள் தாங்களே திறந்து, வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு வேலையில் மூழ்கியிருந்தன. அவள் திருட்டு என்றாள். அம்மையாரோ அதன் பிறகு பூட்டுப் போட்ட அலமாரியையே எடுத்துவிட்டு, குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் பலகைகள் அடிக்கச் சொன்னார்.

இந்த விளையாட்டுச் சாமான்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். தாய்மாருக்குச் செய்த ஏற்பாடு அதைவிடப் பெரிது. மேற்பார்க்கும் பெண் அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும். தாய் வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ எந்த நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம். பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமான துணியுடன் அனுப்புவதும், வாரம் ஒருமுறையாவது வந்து பேசுவதும் தாயின் கடமை. தவறினால் பிள்ளைக்கு இடமில்லை. குழந்தையை எங்கே விடுவது என்று அலைபவர்கள் இன்றும் பார்க்க வேண்டிய விஷயங்கள் இவையே. கதவு எந்நேரமும் திறந்திருக்கிறதா, பார்த்துக்கொள்பவள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவளா, அவளோடு உட்கார்ந்து பேச முடிகிறதா என்று கேட்டறிந்தால் பாதிக் கவலை தீரும். சுவரில் என்ன படம் வரைந்திருக்கிறது என்பது அப்புறம்.

அதே ஏப்ரல் மாதம் அப்பகுதியிலேயே இரண்டாவது வீடு திறந்தபோது அம்மையார் பேசினார். பணக்காரி தாதி வைத்துக்கொண்டு வெளியே போகிறாள். கூலிக்காரியும் மன நிம்மதியோடு வேலைக்குப் போகும் வழி இப்போது பிறந்துவிட்டது என்ற கருத்தில் பேசினார். அப்போது மாரியோவுக்கு ஒன்பது வயது. அவன் இருந்தது வேறிடத்தில்.

1909-ல் புத்தகம் வந்தது. சில ஆண்டுகளில் ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் பெயர் பரவியது. 1912 டிசம்பரில் தாயார் ரெனில்டே காலமானார். மறு ஆண்டு, பதினைந்து வயதை எட்டிய மாரியோ தாயிடம் வந்து சேர்ந்தான். அவர் தன் தாய் என்று பையனே உணர்ந்து, கூட்டிப் போகும்படி கேட்டதாகக் குடும்பத்தார் சொல்லி வந்தார்கள். ஆனாலும் வெளியாருக்கு அவன் மருமகன் முறை, உறவுக்காரப் பையன், பிற்பாடு காரியதரிசி. அவரை விட்டு அகலாமல், போன நாட்டுக்கெல்லாம் உடன் போனான்.

முசோலினி முதலில் ஆதரித்தான். 1934-ல் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் குடியேறினார், 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர். ஹாலந்துக்குப் போனார். 1939-ல் பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, மாரியோவுடன் சென்னை வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகை போட்டு, சுமார் 300 பேருக்கு வகுப்பு நடந்தது. அம்மையார் இத்தாலிய பாஷையில் பேசுவார். மாரியோ இங்கிலீஷில் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டார் ஆகிவிட்டார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையாரை அடையாற்றில் சபை எல்லைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். எழுபது வயதை எட்டும் கிழவி. மகன் மறுபடி பிரிந்தான். ஆகஸ்டு 31-ந் தேதி பிறந்த நாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. எழுபதாம் பிறந்த நாளுக்கு என்ன பரிசு தரலாம் என்று யோசித்து, மகனையே திருப்பித் தருவதாக அதில் கண்டிருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் அவர் வெளியில் சொல்லத் துணியாத சொல்லைச் சர்க்கார் தந்தி சொல்லிவிட்டது.

பிறகு கொடைக்கானலில் இரண்டு ஆண்டுகள் போல இருந்தார்கள். இந்தியாவில் நடத்திய வகுப்புகளில் அம்மையாரின் கவனம் கைக்குழந்தைப் பருவத்துக்குத் திரும்பியது. பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை குழந்தை தன்னைச் சுற்றியுள்ளதை எப்படி உறிஞ்சிக்கொள்கிறது என்பது பற்றிய அந்தச் சொற்பொழிவுகள் 1949-ல் சென்னையில் புத்தகமாக வந்தன. தன் பிள்ளையின் அந்த மூன்று ஆண்டுகளை அவர் கண்டதில்லை.

மேற்குக் கரையிலும் அவர் முறை வேரூன்றியது. குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920-ல் பவநகரில் பாலர் பள்ளி தொடங்கினார். அவரோடு உழைத்த தாராபாய் மோடக், விலையுயர்ந்த சாமான்களுக்குப் பதில் கூழாங்கல், இலை, விதைகளைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்காக 1945-ல் பம்பாய்க்கு வடக்கே போர்டி கிராமத்தில் பால்வாடி நடத்தினார்.

அம்மையார் 1952 மே 6-ந் தேதி ஹாலந்தில் கடலோர ஊரான நோர்ட்வைக்கில் காலமானார். ஆப்பிரிக்காவுக்குப் போய் வகுப்பெடுப்பது பற்றி மாரியோவுடன் பேசிக்கொண்டிருந்த நாள் அது. உயிலில் எல்லாவற்றையும் அவருக்கே எழுதி வைத்திருந்தார். அதில் மருமகன் என்றோ காரியதரிசி என்றோ எழுதவில்லை. மகன் என்றே எழுதியிருந்தார்.