கள்ளிக்காட்டில் எழுந்த ஊர்: லட்சுமணராவ் கிர்லோஸ்கரின் வாழ்க்கை

கிணற்றுப் பாசனம் செய்யும் விவசாயக் குடும்பங்களுக்குக் கிர்லோஸ்கர் என்பது முதலில் ஒரு பம்புசெட்டின் பெயர். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர் என்பதும், அவர் செய்த இரும்புக் கலப்பையை வாங்க ஈராண்டுகள் எவரும் முன்வரவில்லை என்பதும் பலர் அறியாத செய்தி.

லட்சுமணராவ் காசிநாத் கிர்லோஸ்கர் 1869 ஜூன் 20 அன்று, இன்றைய கர்நாடகத்தின் பெலகாவி அருகே உள்ள குர்லஹொசூரில் பிறந்தார். தந்தை வேதாந்தம் கற்ற பண்டிதர். மகனுக்கோ ஏட்டுப் படிப்பில் நாட்டமில்லை; ஓவியத்திலும் இயந்திரங்களிலும்தான் மனம் சென்றது. குடும்ப வழக்கத்திற்கு மாறாகப் பம்பாயின் ஜே.ஜே. கலைப் பள்ளியில் சேர விரும்பிய இளைஞருக்குப் பணம் கொடுத்துத் துணை நின்றவர் மூத்த அண்ணன் ராமுவண்ணா. பின்னாளில் இந்தியாவின் பெரிய தொழில் குழுமங்களுள் ஒன்றாக வளர்ந்ததன் முதல் முதலீடு அந்த அண்ணனின் நம்பிக்கைதான்.

அந்தப் படிப்பு நிலைக்கவில்லை. சில நிறங்களைப் பிரித்தறிய இயலாத குறைபாடு தம் கண்களுக்கு இருப்பது இரண்டாண்டுகளில் தெரியவந்தது. ஓவியராகும் கனவைக் கைவிட்ட அவர், நிறம் தேவைப்படாத இயந்திர வரைபடக் கலையைக் கற்றார். பம்பாயின் விக்டோரியா ஜூபிளி தொழில்நுட்பக் கழகத்தில் அதையே கற்பிக்கும் ஆசிரியரானார். ஓய்ந்த நேரத்தில் அங்கிருந்த பட்டறையில் இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டிப் பழகினார்.

அந்நாளில் மிதிவண்டி புதுமைப் பொருள். லட்சுமணராவ் பம்பாயிலிருந்து அவற்றை வாங்கி அனுப்ப, பெலகாவியில் ராமுவண்ணா விற்றார். வாங்கியவர்களுக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்தார். கிர்லோஸ்கர் பிரதர்ஸ் நிறுவனம் தன் தொடக்க ஆண்டாக 1888-ஐக் குறிப்பிடுகிறது. கழகத்தில் தமக்கு உரிய பதவி உயர்வு வேறொருவருக்கு வழங்கப்பட்டபோது, லட்சுமணராவ் வேலையைத் துறந்து அண்ணனிடம் திரும்பினார்.

சகோதரர்களின் பார்வை விரைவில் வயல்களின் பக்கம் திரும்பியது. கால்நடைத் தீவனத்தை நறுக்கும் கருவியும், அடுத்து இரும்புக் கலப்பையும் அவர்களின் சிறு பட்டறையில் உருவாயின. மரக்கலப்பையைவிட ஆழமாக உழுத அந்தக் கருவியை விவசாயிகள் அஞ்சினர். இரும்பு பட்டால் மண் நஞ்சாகிவிடும் என்பது அவர்களின் எண்ணம். அதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஒரு பருவம் பொய்த்தாலே குடும்பம் பட்டினி கிடக்க நேரும் எளிய உழவனுக்குப் புதுக் கருவி சூதாட்டமே. முதல் கலப்பை விற்க ஈராண்டுகள் ஆயின.

விற்பனை சற்றுச் சூடுபிடித்த வேளையில் அடுத்த அடி விழுந்தது. நகரை விரிவாக்குவதற்காகப் பட்டறை இருந்த இடத்தைக் காலி செய்யுமாறு பெலகாவி நகராட்சி கூறியது. வேறு இடம் வாங்கப் பணமில்லை. அப்போது கைகொடுத்தவர் அவுந்து சமஸ்தானத்தின் மன்னர் பாளாசாகேப் பந்த் பிரதிநிதி. குண்டல் ரோடு ரயில் நிலையத்தை ஒட்டிய 32 ஏக்கர் நிலமும், வட்டியின்றி 10,000 ரூபாய்க் கடனும் தந்தார்.

நிலம் என்றாலும் அது வறண்ட கள்ளிக்காடு. நாகப்பாம்புகள் மிகுந்த இடம். 1910-ஆம் ஆண்டு லட்சுமணராவும் அவரை நம்பி வந்த 25 தொழிலாளர்களும் தம் குடும்பங்களுடன் அங்கே குடியேறினர். மனைவி ராதாபாயும் பிள்ளைகளும் வந்தனர். மகன் சாந்தனு அப்போது சிறுவன். கள்ளியை வெட்டி, பாம்புகளை விரட்டி, தொழிற்சாலையையும் வீடுகளையும் ஒருங்கே எழுப்பினர். ஜாம்ஷெட்பூர் உருவாகிவந்த அதே காலத்தில், டாடாக்களுக்கு இருந்த பெருமூலதனம் எதுவுமின்றி எழுந்த இந்தத் தொழில் நகரம் கிர்லோஸ்கர்வாடி எனப் பெயர் பெற்றது.

அவ்வூரின் வாழ்க்கைமுறை அதன் உற்பத்தியைவிடப் பேசத்தக்கது. தீண்டாமைக்கு அங்கு இடமில்லை என்பதில் லட்சுமணராவ் உறுதியாக இருந்தார். சிறைத்தண்டனை பெற்றவர்களை அழைத்துவந்து, ஊரைக் காக்கும் காவலர்களாகவே நியமித்தார். பட்டமில்லாதவர்களும் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் அவரிடம் பொறுப்பான பதவிகளை வகித்தனர். பின்னாளில் சுவரற்ற சிறை என்னும் சோதனை நடந்ததும் இதே அவுந்து சமஸ்தானத்தில்தான். சாந்தாராமின் ‘தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்’ திரைப்படத்துக்குக் கரு தந்தது அந்தச் சிறையே.

முதல் உலகப் போரின்போது வெளிநாட்டுக் கலப்பைகளின் வரத்து குறைந்ததால் கிர்லோஸ்கர் கலப்பைக்குத் தேவை பெருகியது. ஆனால் உருக்க இரும்பு இல்லை. கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ் தம் சமஸ்தானத்தில் இருந்த பழைய பீரங்கிகளைக் கொடுத்து உதவினார். ஐரோப்பாவில் பீரங்கிகள் முழங்கிய ஆண்டுகளில், இங்கே அவை உருகிக் கலப்பைகளாயின. கரும்பு ஆலை, நிலக்கடலை உடைக்கும் இயந்திரம், நீரிறைக்கும் பம்புகள் எனத் தயாரிப்புகள் பெருகின.

மற்றோர் அண்ணனின் மகனான சங்கர்ராவ் இதழியலில் நாட்டம் கொண்டிருந்தார். கிர்லோஸ்கர்வாடியிலிருந்து 1920-ஆம் ஆண்டு அவர் தொடங்கிய ‘கிர்லோஸ்கர்’ இதழும், 1930-ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஸ்த்ரீ’ இதழும் மராத்தி வாசகர்களிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, சமூகச் சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பின. இயந்திரத் தொழிற்சாலையின் நிழலில் பெண்களுக்கான இதழ் வளர்ந்தது அக்காலத்தில் அரிய நிகழ்வு. மகன் சாந்தனுராவ் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்று 1926-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். நாடு திரும்பித் தந்தையின் ஆலையில் சேர்ந்த அவரது காலத்தில் புணேயில் எண்ணெய் என்ஜின்களும் பெங்களூரில் மின்மோட்டார்களும் தயாராகத் தொடங்கின. தம் சுயசரிதைக்குச் சாந்தனுராவ் சூட்டிய ‘கள்ளியும் ரோஜாவும்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு, சிறுவயதில் கண்ட அந்த நிலத்தை நினைவூட்டுகிறது.

லட்சுமணராவ் 1956 செப்டம்பர் 26 அன்று காலமானார். அவரது நூற்றாண்டையொட்டி 1969 ஜூன் 20 அன்று இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. குண்டல் ரோடு என்றிருந்த ரயில் நிலையம், மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் இன்று கிர்லோஸ்கர்வாடி என்ற பெயரில் இயங்குகிறது.