தியான் சந்த்: 3 ஒலிம்பிக் தங்கம் வென்றவருக்கு கடைசியில் பொது வார்டு!

தென்காசி, குற்றாலம் பள்ளி மைதானமோ, ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியோ, ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம் வந்தால் ஒலிக்கும் பெயர் தியான் சந்த். யார் இவர்?

1905-ல் அலகாபாத்தில் பிறந்தவர். 1922-ல் ராணுவத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். டியூட்டி முடிந்து நிலா வெளிச்சத்தில்தான் பயிற்சி. 'சந்த்' என்ற பெயரே அப்படி வந்ததுதான் என்பார்கள்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 5 மேட்ச், 14 கோல், தங்கம். 1932 லாஸ் ஏஞ்சல்ஸிலும் தங்கம். 1936 பெர்லினில் இவர்தான் கேப்டன். ஃபைனலில் ஜெர்மனியை 8-1 என ஊதித் தள்ளியது இந்தியா.

ஆனா, அப்போ ஹாக்கியில் கோடிக்கணக்கில் ஒப்பந்தமெல்லாம் கிடையாது. ராணுவச் சம்பளம்தான் வருமானம். 1956-ல் மேஜராக ஓய்வு. அதே ஆண்டு பத்ம பூஷண். அதன்பின் பணக்கஷ்டம். 1979 டிசம்பர் 3-ல் டெல்லி எய்ம்ஸ் பொது வார்டில் உயிர் பிரிந்தது.

நாட்டின் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னாவுக்கு இவர் பெயர் வைக்கப்பட்டது 2021-ல். அதாவது, அவர் போய் 41 வருஷம் கழிச்சு!