காருக்குள்ளே ரேடியோ வந்தது எப்படி? இரண்டு முறை திவாலான பால் கால்வினின் கதை

பழைய காரில் புது ஸ்டீரியோ மாட்டணுமா? ஆக்சசரீஸ் கடையில் பெரும்பாலும் சில மணி நேர வேலை. மஞ்சள் வயர் பேட்டரிக்கு, சிவப்பு வயர் சாவி போட்டால் கரன்ட் வரும் இணைப்புக்கு, கறுப்பு வயர் எர்த்துக்கு. 1930-ல் இதே வேலைக்கு காரைப் பாதி பிரிச்சுப் போடணும். நாள் கணக்கில் ஆகும். அந்தக் காலத்தில் இதை நம்பி இறங்கியவர்தான் மோட்டோரோலா நிறுவனர் பால் கால்வின்.

1895-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹார்வர்ட் என்ற சிற்றூரில் பிறந்தார் (பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் வேற). சின்ன வயதில் ரயில் பயணிகளிடம் பாப்கார்ன் விற்றார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரி. போர் முடிந்ததும் எட்வர்ட் ஸ்டீவர்ட் என்ற நண்பரோடு சேர்ந்து பேட்டரி கம்பெனி. 1923-ல் வரி பாக்கிக்காக அரசு அதைப் பூட்டியது. அடுத்து சிகாகோவில் இருவரும் தொடங்கியதும் 1928-ல் படுத்துவிட்டது.

அதே கம்பெனியின் ஒரு பகுதியை ஏலத்தில் 750 டாலருக்கு எடுத்தார் கால்வின். 1928 செப்டம்பர் 25-ல் தம்பி ஜோசப்போடு புது நிறுவனம். கையில் 565 டாலர், ஐந்து தொழிலாளர்கள். தயாரித்தது, பேட்டரியில் ஓடும் வீட்டு ரேடியோவை வீட்டு மின்சாரத்தில் ஓடவைக்கும் 'எலிமினேட்டர்'. ஆனால் நேரடியாக பிளக்கில் செருகும் ரேடியோக்கள் வந்ததும் அதற்குத் தேவையே இல்லாமல் போச்சு. 1929-ல் பங்குச் சந்தையும் சரிந்தது. மூன்றாவது முறையும் மூட வேண்டிய நிலை.

அப்போதுதான் கார் ரேடியோ பக்கம் திரும்பினார். முதல் கார் ரேடியோ இவருடையது இல்லை. முன்பே சிலர் விற்றுக்கொண்டிருந்தார்கள். விலைதான் எட்டாத உயரம்.

சரி, என்ன அவ்வளவு கஷ்டம்? என்ஜினில் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி விடும்போதும் அதுவே ஒரு சின்ன ரேடியோ அலைபரப்பி. பாட்டுக்குப் பதில் படபடவென்று இரைச்சல்தான் கேட்கும். அதை அடக்க பிளக்குகளிலும் டிஸ்ட்ரிபியூட்டரிலும் 'சப்ரஸர்', ஜெனரேட்டரில் கண்டென்சர். அப்போது ரேடியோ வால்வில் ஓடியது. வால்வுக்கு கார் பேட்டரியின் 6 வோல்ட் போதாது. அதனால் காரின் தரைக்கு அடியில் தனியாக உயர் வோல்ட் பேட்டரிகள். ஆன்டெனா கூரைத் துணிக்குள்ளே, ஸ்பீக்கர் இன்னொரு இடத்தில். டாஷ்போர்டில் ஒரு ஓட்டைக்குள் எல்லாம் அடங்கும் இன்றைய வசதி கிடையாது.

வில்லியம் லியர் (பின்னாளில் லியர்ஜெட் விமானம் தந்தவர்), எல்மர் வேவரிங் போன்றவர்கள் உதவியோடு கால்வினின் சொந்த ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோ ஏறியது. கடன் கேட்கப் போன இடத்தில் வங்கிக்காரரின் பேக்கார்ட் காரில் ஒன்றை மாட்டிவிட, கொஞ்ச நேரத்தில் கார் தீப்பிடித்தது என்றும் ஒரு கதை உண்டு. கடன் கிடைக்கவில்லை.

1930 ஜூனில் அட்லான்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு. ஸ்டால் எடுக்கக் காசில்லை. சிகாகோவிலிருந்து காரை ஓட்டிக்கொண்டே போய், வெளியே நிறுத்தி, ரேடியோவைச் சத்தமாகப் போட்டார். ஆர்டர்கள் வந்தன. விலை சுமார் 110 முதல் 130 டாலர். புது காரே சில நூறு டாலருக்குக் கிடைத்த காலம் அது. 'மோட்டார்' என்ற சொல்லோடு, அன்றைய கிராமபோன் பெயர்களில் வரும் 'ஓலா'வை ஒட்டி வைத்த பெயர்தான் மோட்டோரோலா.

முதல் வருஷம் நஷ்டம்தான். விற்றால் மட்டும் போதாது, மாட்டத் தெரிந்த ஆளும் வேணும் இல்லையா? 1934-ல் குட்ரிச் டயர் கடைகளிலேயே விற்று, அங்கேயே பொருத்தித் தரும் ஏற்பாடு வந்தது. என்னைக் கேட்டால், ரேடியோவைவிட இதுதான் அவருடைய பெரிய வேலை.

போர்க்காலத்தில் இதே நிறுவனம் ராணுவத்துக்கு வாக்கி-டாக்கி செய்தது. 1947-ல் கம்பெனியின் பெயரே மோட்டோரோலா ஆனது. கால்வின் 1959-ல் காலமானார். கையில் பிடிக்கும் செல்போனிலிருந்து மோட்டோரோலா முதல் அழைப்பைச் செய்தது 1973-ல்.

இரைச்சல் பிரச்சினை மட்டும் இன்னும் முழுசா போகவில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஙொய்’ என்ற சத்தம் ஏறினால், அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. காருக்கு ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்தவர்களில் அதே எல்மர் வேவரிங்கும் ஒருவர்! அப்படிச் சத்தம் வந்தால் முதலில் கறுப்பு வயரைப் பாருங்க. பெயின்ட் மேல் இல்லாமல், சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்கமாகப் பிடித்திருக்கணும்.