ஓசோன் கண்ட பேரறிஞர் சேன்பைன்

மின்னி இடித்து மழை ஓய்ந்தபின் காற்றிலே ஒருவகைக் கூரிய மணம் எழுவதை நம்மிற் பலர் அறிவோம். அம்மணத்துக்குரிய பொருளைக் கண்டு பெயரிட்டவர் கிறித்தியன் பிரீட்றிக் சேன்பைன் என்னும் ஜேர்மானியர். அப்பொருளின் கொடுமையைத் தம் நெஞ்சிலே முதலில் அறிந்தவர்களுள்ளும் அவர் ஒருவர். ஆதலின் அவர் சரிதையை ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

1799 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 18 ஆம் நாள் வூர்ட்டம்பேர்க் நாட்டிலே மெற்சிங்கன் என்னும் ஊரிற் பிறந்தார். பதின்மூன்று வயதிலேயே இரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பழகச் சென்றார். வேலையோடு வேலையாகத் தாமே கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்தார். 1828 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரை அடைந்தவர், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கேயே ஆசிரியராய் அமர்ந்துவிட்டார்.

மின்பொறிகளின் அருகே இம்மணம் எழுவதை ஒல்லாந்தரான வான் மாரும் 1785 இலேயே குறித்திருந்தார். ஆனால் அதை மின்சாரத்தின் மணமென்றே கொண்டார். சேன்பைனோ, 1839 இல் நீரை மின்னாற் பகுக்கையில், ஒட்சிசன் எழும் முனையில் அதே மணம் வீசக் கண்டு, இது தனிப்பொருள் எனத் தெளிந்தார். மணத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஓசோன் என்ற பெயரையும் இட்டார்.

சாதாரண ஒட்சிசன் மெல்லச் செய்வதை ஓசோன் விரைந்து செய்யும். வெள்ளியைக் கறுப்பாக்கும், அவுரி நீலத்தை வெளுக்கும், இறப்பரைப் பிளவுபடுத்தும். பொற்றாசியம் அயடைட்டும் மாப்பொருளும் தோய்ந்த கடதாசி அதிற் பட்டால் நீலமாகும். அக்கடதாசிகொண்டு காற்றிலுள்ள ஓசோனை அறியும் முறையை வகுத்தவரும் அவரே.

இத்துணை ஆற்றலுள்ள பொருள் நுரையீரலை மட்டும் விட்டுவைக்குமா? ஓசோன் கலந்த காற்றைச் சுவாசித்த சேன்பைனுக்கு மார்புநோவும் மூச்சுத்திணறலும் கடும் இருமலும் கண்டன. அதிலே விடப்பட்ட சுண்டெலி மாண்டது. இவற்றை அவர் மறைக்கவில்லை. ஆயினும் நோய் விளைக்கும் கெட்ட காற்றை ஓசோன் அழிக்கும் என்றும் அவர் நம்பினார். சனங்கள் இப்பகுதியை மட்டும் பற்றிக்கொண்டனர். கடற்கரைக் காற்றின் சிறப்பெல்லாம் ஓசோனே எனப் புகழ்ந்தனர். நாம் கேட்க விரும்புவதையே கேட்பது எந்நாட்டவர்க்கும் இயல்பு போலும்!

1845 அளவில் அவர் கண்ட வெடிபஞ்சும் இவ்வாறே. மனைவியாரின் மேலங்கியால் சிந்திய அமிலத்தைத் துடைத்து அடுப்பருகே உலர்த்தியபோது அது சட்டென எரிந்ததாக ஒரு கதை வழங்குகிறது. 1847 யூலையில் இங்கிலாந்தின் பவர்சாம் என்னுமிடத்து வெடிபஞ்சுத் தொழிற்சாலை வெடித்துப் பலர் மாண்டனர்.

ஒட்சிசனின் மூன்று அணுக்கள் கூடியதே ஓசோன் என்பதைச் சோரே என்பார் 1865 இற் காட்டினார். சேன்பைன் ஓசோனுக்கு எதிரான இன்னோர் ஒட்சிசன் உண்டெனக் கொண்ட கருத்து பிழையாயிற்று. 1868 ஓகஸ்ட் 29 இல் அவர் காலமானார்.

பிரான்சின் நீஸ் நகரம் 1906 முதல் குடிநீரை ஓசோனாற் சுத்திகரித்தது. கிருமியைக் கொன்றபின் தானே ஒட்சிசனாகிவிடுவது அதன் சிறப்பு. ஆனால் புரோமைட்டுள்ள நீரில் புரோமேற்று என்னும் தீய பொருளை உண்டாக்கும். திரவ ஓசோனை ஏவுகணைகளுக்குப் பயன்படுத்த முயன்றோர், அது சிறு காரணத்தாலும் வெடிப்பது கண்டு கைவிட்டனர். தொழிலிடங்களிற் கோடியில் ஒரு பங்கு ஓசோனே பொதுவாக எல்லையென வைக்கப்பட்டுள்ளது. அதனிலும் குறைந்த அளவை மூக்கு உணர்ந்துவிடும். ஆனால் சிறிது நேரத்தில் அம்மணத்துக்குப் பழகியும் விடும். ஆதலின் ஓசோன் ஆக்கும் கூடங்களிலே மூக்கை நம்பாது, அளக்கும் கருவியும் எச்சரிக்கை மணியும் பொருத்துகின்றனர்.