மிதித்தால் பேசும் வானொலி

சைக்கிள் டைனமோவைப் பார்த்திருக்கிறீர்களா? சக்கரம் சுழலும்போது விளக்கு எரியும். சக்கரம் நின்றால் அணைந்துவிடும். இந்தச் சின்ன விஷயத்தை வைத்தே, ஆபத்தில் சிக்கிய பல உயிர்களைக் காப்பாற்ற வழி செய்தார் ஒருவர். அவர்தான் ஆஸ்திரேலிய நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் டிரேகர்.

1895-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி விக்டோரியா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார் டிரேகர். அவருடைய தாத்தா, பாட்டி ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். பிறகு அவர் குடும்பம் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு இடம்பெயர்ந்தது.

சிறுவன் ஆல்பிரட் எதையும் பிரித்துப் பார்த்து, மறுபடி பூட்டாமல் விடமாட்டான். 12 வயதில், கிடைத்த பொருட்களைக் கொண்டு தானே ஒரு தொலைபேசி செய்தான். கருவிகள் வைக்கும் கொட்டகையிலிருந்து பேசினால் வீட்டில் கேட்டது! பின்னர் அடிலெய்டு நகரில் படித்து, 1915-ஆம் ஆண்டு இயந்திர, மின் பொறியியலில் பட்டயம் பெற்றார்.

அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் வாழ்வது சுலபமல்ல. ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே பல மைல் தூரம். கோடையில் புழுதிப் புயல். வடபகுதியில் மழைக்காலம் வந்துவிட்டால் ஆறுகள் கரைபுரண்டு, பாதைகள் வாரக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் டாக்டருக்குச் சொல்லி அனுப்பக்கூட வழியில்லை.

1917-ஆம் ஆண்டு, மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜிம்மி டார்சி என்ற இளைஞர் குதிரையிலிருந்து விழுந்து படுகாயம் அடைந்தார். அவரை ஹால்ஸ் கிரீக் என்ற சிற்றூருக்குத் தூக்கி வந்தார்கள். அங்கே டாக்டர் இல்லை. தந்தி நிலையம்தான் இருந்தது. வெகு தொலைவில், பெர்த் நகரில் இருந்த டாக்டர் தந்தியிலேயே வழி சொல்ல, அஞ்சல் அதிகாரி பேனாக்கத்தியால் அறுவைச் சிகிச்சை செய்தார். டாக்டரும் கப்பலிலும் காரிலும் புறப்பட்டு வந்தார். ஆனால் அவர் வந்து சேர்வதற்குள் டார்சி இறந்துவிட்டார்.

இச்செய்தி ஜான் பிளின் என்ற பாதிரியாரின் மனத்தை உலுக்கியது. டாக்டர் விமானத்தில் பறந்து போக வேண்டும். அவரை அழைக்க ஒவ்வொரு பண்ணையிலும் வானொலிக் கருவி இருக்க வேண்டும் என்று கனவு கண்டார் அவர். அந்தக் கருவியைச் செய்யத் தகுந்தவரைத் தேடியபோதுதான் டிரேகர் கிடைத்தார்.

1926-ஆம் ஆண்டு இருவரும் மத்திய ஆஸ்திரேலியாவில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதிக்குச் சென்று சோதனைகள் நடத்தினார்கள். வானொலி வேலை செய்தது. ஆனால் அதற்கு மின்சாரம் கொடுத்த மின்கலங்கள் மிகவும் கனமானவை. கரடுமுரடான பாதையில் அவற்றைப் பண்ணை பண்ணையாகக் கொண்டு செல்ல முடியுமா? பெட்ரோலில் ஓடும் இயந்திரம் வைக்கலாம் என்றால், வெள்ளக் காலத்தில் பெட்ரோல் எப்படி வரும்?

வெளியிலிருந்து எதுவும் வராத நாளில்தானே உதவி கேட்க வேண்டியிருக்கும்! அப்படியானால், வீட்டிலேயே எப்போதும் இருக்கும் ஒன்றிலிருந்துதான் மின்சாரம் வர வேண்டும். அது என்ன? மனிதனின் உடல் பலம்!

முதலில் கையால் சுழற்றும் மின்னாக்கியைச் செய்து பார்த்தார் டிரேகர். அதில் ஒரு சங்கடம். ஒரு கை சுழற்றிக்கொண்டே இருந்தால், மறு கையால் செய்தி அனுப்புவது கடினமாக இருந்தது. யோசித்தார். கைக்குப் பதில் கால்! சைக்கிள் மிதிகளை மின்னாக்கியுடன் இணைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து மிதித்தால் சுமார் 20 வாட் மின்சாரம் கிடைத்தது. கைகள் இரண்டும் சும்மா இருந்தன.

இதற்கிடையே 1928-ஆம் ஆண்டு மே மாதம், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் குளோன்கரி ஊரில் பிளினின் பறக்கும் டாக்டர் சேவை தொடங்கிவிட்டது. 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அகஸ்டஸ் டவுன்ஸ் என்ற பண்ணையில் முதல் மிதி வானொலி பொருத்தப்பட்டது. அடுத்தடுத்த பண்ணைகளுக்கும் டிரேகரே வண்டியில் சென்றார். கம்பம் நட்டு, கம்பி கட்டி, கருவியை இயக்கக் கற்றுக்கொடுத்தார்.

அப்போது பேச்சாக அனுப்ப முடியாது. புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸ் குறியீட்டில்தான் செய்தி போகும். அதில் ஒரு நன்மையும் உண்டு. இடி மின்னல் நேரத்தில் வானொலியில் கரகரவென்று இரைச்சல் கேட்கும் அல்லவா? அதற்கு நடுவே மனிதக் குரலைவிட மோர்ஸ் ஒலியைப் புரிந்துகொள்வது எளிது. குறைந்த மின்சாரத்தில் அதிக தூரமும் போகும்.

ஆனால் பண்ணையில் இருப்பவர்களுக்கு மோர்ஸ் குறியீட்டைக் கற்பது சிரமமாக இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கும்போது பதற்றத்தில் புள்ளியும் கோடும் நினைவுக்கு வருமா? இதை உணர்ந்த டிரேகர் தட்டச்சுப் பொறி போன்ற ஒரு விசைப்பலகையைச் செய்தார். எழுத்தை அழுத்தினால் போதும். அதற்குரிய குறியீட்டைக் கருவியே அனுப்பிவிடும். சில ஆண்டுகளில் பேச்சையே அனுப்பும் கருவிகளும் வந்தன.

தனித்தனித் தீவுகள் போலக் கிடந்த பண்ணைகள் ஒன்றையொன்று அறிந்துகொண்டன. டாக்டரை அழைக்கவும், அக்கம்பக்கத்தாருடன் பேசவும் வானொலி கைகொடுத்தது. 1951-ஆம் ஆண்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலி வழியே பாடம் நடத்தும் பள்ளிக்கூடமும் தொடங்கப்பட்டது. வீட்டில் இருந்தபடியே பிள்ளைகள் ஆசிரியரிடம் கேள்வி கேட்டார்கள்!

1944-ஆம் ஆண்டு டிரேகருக்கு ஓ.பி.இ. விருது வழங்கப்பட்டது. 1980-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி அடிலெய்டு நகரில் அவர் காலமானார். 85 வயது நிறைய இரண்டே நாட்கள் இருந்தன.

இன்று அங்கே செயற்கைக்கோள் தொலைபேசிகள் வந்துவிட்டன. பறக்கும் டாக்டர்கள் இன்றும் பறக்கிறார்கள். மிதி வானொலி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் அது சொல்லும் பாடம் பழையதாகவில்லை. நல்ல நாளில் எந்தக் கருவியும் வேலை செய்யும். மழையும் வெள்ளமும் சூழ்ந்த நாளில், சாதாரண மனிதர் கையிலும் வேலை செய்வதே ஆபத்துக்கு உதவும் கருவி. அடுத்த முறை சைக்கிள் மிதிக்கும்போது டிரேகரை நினைத்துக்கொள்ளுங்கள்!